நாள் முழுக்கத் திறந்திருக்கும் தளங்களைத் தனி ஆப்பாக மாற்றுவது எப்படி?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மின்னஞ்சல், காலண்டர், அலுவலக சாட், பாட்டு கேட்கும் தளம் என்று நாலைந்து தளங்கள் காலையிலிருந்து இரவு வரை திறந்தே கிடக்கின்றன. டேப் கூட்டத்துக்கு நடுவே அவற்றைத் தேடிப் பிடிப்பதே ஒரு வேலையாகிவிட்டது. பிரவுசரை வைத்தே இவற்றைக் கம்ப்யூட்டரில் தனித்தனி ஆப்பாக்கிக்கொள்ள முடியுமா, மெமரி மிச்சமாகுமா, ஒரே தளத்தில் இரண்டு கணக்கு இருந்தால் என்ன செய்வது?

முடியும். எதையும் வாங்கவோ புதிதாக டவுன்லோடு செய்யவோ வேண்டாம். மெமரி பெரிதாக மிச்சமாகாது. இரண்டு கணக்கு விஷயத்தில்தான் கொஞ்சம் நிதானம் வேண்டும், ஏனென்றால் அதற்கான பதில் பிரவுசருக்கு பிரவுசர் மாறும். பலரும் ஆப்பை நிறுவிவிட்டுப் பிறகு குழம்புவது இந்த இடத்தில்தான். அதனால் வழிமுறையை வேகமாகச் சொல்லிவிட்டு, இரண்டு கணக்கு விஷயத்தில் அதிக நேரம் நிற்கிறேன்.

குரோமில் தளத்தைத் திறந்து, வலது மூலையிலுள்ள மூன்று புள்ளி மெனுவில் 'காஸ்ட், சேவ் அண்ட் ஷேர்' என்பதற்குள் போனால் 'இன்ஸ்டால் பேஜ் ஆஸ் ஆப்' என்று இருக்கும். ஆப்பாக நிறுவுவதற்கென்றே தயார் செய்யப்பட்ட தளமாக இருந்தால் முகவரிப் பட்டையின் வலது ஓரத்திலேயே சின்ன இன்ஸ்டால் ஐகான் தெரியும். மெனுவிலும் அந்தத் தளத்தின் பெயரைச் சொல்லியே இன்ஸ்டால் செய்யவா என்று கேட்கும். பழைய குறிப்புகளில் 'மோர் டூல்ஸ்', 'கிரியேட் ஷார்ட்கட்' என்று படித்திருப்பீர்கள். மெனு இடம் மாறியிருக்கிறது, விஷயம் அதேதான். எட்ஜில் மூன்று புள்ளி மெனுவில் 'ஆப்ஸ்' என்ற பகுதியைத் தேடுங்கள். சில பதிப்புகளில் அது 'மோர் டூல்ஸ்' உள்ளே ஒளிந்திருக்கும். மேக்கில் சஃபாரி என்றால் 'ஃபைல்' மெனுவில் 'ஆட் டு டாக்'. இது 2023-ல் வந்த மேக்ஓஎஸ் சொனோமாவிலிருந்துதான் உண்டு.

ஃபயர்ஃபாக்ஸின் கதை கொஞ்சம் வேடிக்கையானது. இந்த யோசனைக்கு முன்னோடிகளில் ஒன்று, ஃபயர்ஃபாக்ஸை உருவாக்கும் மொஸில்லா. 2007-லேயே 'பிரிஸம்' என்ற பெயரில் ஒரு தளத்துக்கு ஒரு விண்டோ என்று செய்து காட்டினார்கள். பிறகு அதைக் கைவிட்டார்கள். 2020-ல் ஃபயர்ஃபாக்ஸுக்குள்ளேயே சோதனை வடிவில் மறுபடி கொண்டுவந்தார்கள். அதையும் எடுத்துவிட்டார்கள். கடைசியில் 2025 செப்டம்பரில் வெளிவந்த 143-ஆம் பதிப்பில், விண்டோஸில் மட்டும், ஒரு தளத்தை டாஸ்க்பாரில் தனி ஆப்பாகக் குத்திவைக்கும் வசதி வந்தது. மேல்பட்டையை முழுதாக எடுத்துவிடாமல் எளிமையாக்கி வைத்திருக்கிறார்கள். எனக்கு அது பிடித்திருக்கிறது; காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

லினக்ஸ்காரர்களுக்கு இன்னும் இரண்டு வழி உண்டு. லினக்ஸ் மின்ட் 20.1-இலிருந்து 'வெப் ஆப் மேனேஜர்' என்ற சின்னக் கருவி கூடவே வருகிறது. தளத்தின் முகவரி, பெயர், ஐகான், எந்த பிரவுசர் என்று கேட்டுவிட்டு மெனுவில் சேர்த்துவிடும். க்னோம் டெஸ்க்டாப்பின் சொந்த பிரவுசரான 'வெப்'பில் (பழைய பெயர் எபிஃபனி) இந்த வசதி 2011-லேயே வந்துவிட்டது.

மறைநிலை விண்டோவில் இருந்துகொண்டு தேடினால் இன்ஸ்டால் மெனு வேலைக்கு ஆகாது. சாதாரண விண்டோவுக்கு வந்து செய்யுங்கள்.

சரி, நிறுவியதும் என்ன நடந்தது? தனி விண்டோ, தனி ஐகான், டாஸ்க்பாரில் தனி இடம், ஆல்ட்-டேப் அடித்தால் தனியாக வரும். பார்ப்பதற்குப் புது மென்பொருள் மாதிரியே இருக்கும். ஆனால் குரோம், எட்ஜ் இரண்டிலும் கம்ப்யூட்டரில் புதிதாக வந்து உட்கார்ந்தது ஒரு ஷார்ட்கட்டும் சில ஐகான் படங்களும் சிறு குறிப்புகளும் மட்டுமே. லினக்ஸில் பார்த்தால் உங்கள் ஹோம் ஃபோல்டருக்குள் அப்ளிகேஷன்களுக்கான இடத்தில் சில வரிகள் கொண்ட ஒரு சிறு கோப்பு, அவ்வளவுதான். அதைச் சொடுக்கினால் அதே குரோம், அதே ப்ரொஃபைலில் (பிரவுசருக்குள் தனக்கென லாகின், குக்கி, எக்ஸ்டென்ஷன் எல்லாம் வைத்திருக்கும் பயனர் பகுதி), டேப்பும் முகவரிப் பட்டையும் இல்லாத ஒரு விண்டோவைத் திறக்கிறது. ஒரே வீட்டுக்கு இன்னொரு வாசல் வைத்த மாதிரி என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இதிலிருந்து நல்லதும் கெட்டதும் சேர்ந்தே வருகின்றன. ஏற்கெனவே லாகின் செய்திருந்தால் ஆப்பிலும் லாகின் ஆகியே இருக்கும். பாஸ்வேர்டு மேனேஜர், விளம்பரத் தடுப்பான் உள்ளிட்ட எக்ஸ்டென்ஷன்கள் எல்லாம் அங்கேயும் வேலை செய்யும். பிரவுசர் அப்டேட் ஆகும்போது ஆப்புக்கும் பாதுகாப்புத் திருத்தங்கள் தானாகவே வந்துவிடும். மறுபக்கம், டேப்பில் லாக்அவுட் செய்தால் ஆப்பிலும் லாக்அவுட். குக்கிகளை, அதாவது உங்களை அடையாளம் காணத் தளங்கள் பிரவுசரில் சேமிக்கும் சிறு குறிப்புகளை, துடைத்தால் ஆப்பும் உங்களை மறந்துவிடும். பிரவுசர் கிராஷ் ஆனால் எல்லா ஆப்பும் கூடவே விழும். 'தனி ஆப்பில் இருக்கிறதே, இந்தத் தளத்தால் என் மற்ற பிரவுசிங்கைத் தொடர முடியாது' என்று சிலர் நிம்மதியாக இருக்கிறார்கள். குரோமிலும் எட்ஜிலும் அந்த நிம்மதிக்கு ஆதாரம் இல்லை. குக்கி சேமிப்பு இரண்டுக்கும் ஒன்றுதான்.

சஃபாரியில் இது நேர்மாறு. டாக்கில் சேர்க்கும் அந்த நொடியில் அந்தத் தளத்தின் குக்கிகளை ஆப்புக்கு ஒரு பிரதி எடுத்துக் கொடுத்துவிடுகிறது. அதற்குப் பிறகு இரண்டும் வேறு வேறு. பிரவுசரில் லாக்அவுட் செய்தாலும் ஆப் அசையாது. குக்கியைத் தவிர மற்ற உள்சேமிப்புகள் பிரதி ஆவதில்லை. அதனால் லாகின் விவரத்தைக் குக்கியில் வைக்காமல் வேறிடத்தில் வைக்கும் தளங்கள், ஆப்பில் முதல் தடவை மறுபடி லாகின் கேட்கும். ஏதோ பழுது என்று நினைக்க வேண்டாம். க்னோம் வெப்பிலும் ஒவ்வொரு ஆப்புக்கும் தனிச் சேமிப்பு.

இப்போது இரண்டு கணக்கு விஷயம். அலுவலக மின்னஞ்சல் ஒன்று, சொந்த மின்னஞ்சல் ஒன்று, இரண்டும் ஒரே சேவை என்று வைத்துக்கொள்வோம். சஃபாரி பயன்படுத்துபவருக்குச் சுலபம். ஆப்பில் ஒரு கணக்கு, பிரவுசரில் இன்னொன்று. குரோம், எட்ஜ் பயன்படுத்துபவர் முதலில் பிரவுசரில் இரண்டாவது ப்ரொஃபைல் ஒன்றை உருவாக்க வேண்டும். அந்த ப்ரொஃபைலுக்குள் போய் இரண்டாவது கணக்கில் லாகின் செய்து, அங்கிருந்து ஆப்பை நிறுவ வேண்டும். ஒரே தளத்தை ஒரே ப்ரொஃபைலில் இரண்டு முறை நிறுவிப் பார்த்து 'எப்படித் திறந்தாலும் ஒரே கணக்குதான் வருகிறது' என்று அலுத்துக்கொள்வதில் பயனில்லை. ஆப் எந்த ப்ரொஃபைலில் பிறந்ததோ அந்த ப்ரொஃபைலின் லாகின்தான் அதற்கு. அதனால் நிறுவுவதற்கு முன்பே எந்த ஆப் எந்த ப்ரொஃபைலில் இருக்க வேண்டும் என்று முடிவெடுத்துவிடுங்கள். அலுவலகத்துக்கு ஒன்று, சொந்த வேலைக்கு ஒன்று என்ற இரண்டு ப்ரொஃபைல் பெரும்பாலானோருக்குப் போதும்.

அதற்கும் மேல் கறாரான பிரிவு வேண்டுமென்றால் கட்டளை வழியும் உண்டு. குரோமைத் திறக்கும் ஷார்ட்கட்டின் கட்டளை வரியில் 'ஆப்' என்ற விருப்பத்தோடு தள முகவரியையும், 'யூசர் டேட்டா டைரக்டரி' என்ற விருப்பத்தோடு ஒரு தனி ஃபோல்டரையும் கொடுத்தால், அந்த ஒரு தளத்துக்காகவே முழுதும் தனியான ஒரு குரோம் ஓடும். எக்ஸ்டென்ஷன், பாஸ்வேர்டு, குக்கி எதுவும் உங்கள் வழக்கமான குரோமிலிருந்து வராது. இது உண்மையான தனிமை. விலை மெமரியில் போகும், ஏனென்றால் பிரவுசரின் அடிப்படைப் பகுதிகள் எல்லாம் இரண்டாவது முறை ஏறுகின்றன. லினக்ஸ் மின்டின் கருவியும் இதேபோல ஒரு ஆப்புக்குத் தனி ப்ரொஃபைல் வைக்க வழி தருகிறது.

மெமரி என்றதும் அந்தக் கேள்விக்கு வருகிறேன். குரோம் வகை பிரவுசர்களில் பிரதான இயக்கம், படம் வரையும் பகுதி, நெட்வொர்க் பகுதி எல்லாம் பொதுவாக ஓடுகின்றன. பக்கத்தை உருவாக்கும் வேலை மட்டும் தளத்துக்குத் தளம் தனிச் செயலாக ஓடுகிறது. ஒரு தளம் டேப்பில் இருந்தாலும் ஆப் விண்டோவில் இருந்தாலும் அந்தத் தனிச் செயல் ஒன்று தேவைதான். அதனால் டேப்பை ஆப்பாக்குவதில் மிச்சமும் இல்லை, நஷ்டமும் இல்லை.

மிச்சம் தெரிவது வேறொரு ஒப்பீட்டில். பல சேவைகள் தங்கள் சொந்த டெஸ்க்டாப் ஆப்பை டவுன்லோடு செய்யச் சொல்கின்றன. அவற்றில் பல எலக்ட்ரான் என்ற அடித்தளத்தில் கட்டியவை. 2013-ல் கிட்ஹப்பின் ஆட்டம் என்ற எடிட்டருக்காக 'ஆட்டம் ஷெல்' என்று தொடங்கியது அது. 2015-ல் எலக்ட்ரான் என்று பெயர் மாறியது. அதில் கட்டிய ஒவ்வொரு ஆப்பும் குரோமியம் (குரோமுக்கு அடிப்படையான திறந்தமூல மென்பொருள்) பிரவுசர் இயந்திரத்தின் ஒரு முழுப் பிரதியைத் தன்னோடு சுமந்து வருகிறது. அப்படி மூன்று ஆப் ஓடினால் உங்கள் பிரவுசரோடு சேர்த்து நாலு பிரவுசர் ஓடுகிறது. அதே சேவையின் இணையதளத்தைப் பிரவுசர் ஆப்பாக நிறுவினால் அந்தச் சுமை வராது. வட்டில் இடமும் கிட்டத்தட்ட எடுக்காது. ஆகவே கம்ப்யூட்டர் திணறுகிறது என்றால், நிறுவியிருக்கும் டெஸ்க்டாப் ஆப்புகளில் எவை வெறும் இணையதளத்தின் மறுவடிவம் என்று பாருங்கள். அவற்றை எடுத்துவிட்டு பிரவுசர் வழியே நிறுவுவதுதான் உண்மையில் பலன் தரும் மாற்றம். வீடியோ அழைப்பில் முழுத் திரைப் பகிர்வு, சிறப்பு விசைக் குறுக்குவழி போன்றவை சொந்த ஆப்பில் கூடுதலாக இருக்கலாம். அவை உங்களுக்குத் தேவையா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எந்தத் தளத்தையும் எலக்ட்ரான் ஆப்பாக மாற்றித் தரும் 'நேட்டிவிஃபயர்' என்ற கருவியைச் சிலர் இன்னும் பரிந்துரைக்கிறார்கள். வேண்டாம் என்பேன். அதன் பராமரிப்பு 2023-ல் நின்றுவிட்டது. அதில் செய்த ஆப்புக்குள் இருக்கும் பிரவுசர் இயந்திரம், செய்த நாளில் இருந்த நிலையிலேயே நின்றுவிடும். நீங்களாக மறுபடி செய்தால் ஒழிய பாதுகாப்புத் திருத்தம் எதுவும் வராது. உங்கள் மின்னஞ்சலைப் பழைய பிரவுசரில் திறந்துவைப்பதற்கு அது சமம்.

எல்லாத் தளமும் ஆப்பாக ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. தளத்தை உருவாக்கியவர் 'மேனிஃபெஸ்ட்' என்ற சின்னக் கோப்பு ஒன்றை வைத்திருந்தால், பெயர் என்ன, எந்த ஐகான், திறந்ததும் எந்தப் பக்கம் வர வேண்டும், எதுவரை ஆப்பின் எல்லை என்பதெல்லாம் அதில் எழுதியிருக்கும். அப்படிப்பட்ட தளங்கள் கச்சிதமாக உட்காரும். 'புரோகிரஸிவ் வெப் ஆப்' என்று 2015-ல் பிரான்சிஸ் பெரிமனும் அலெக்ஸ் ரஸ்ஸலும் பெயர் வைத்தது இந்த வகைத் தளங்களுக்குத்தான். மேனிஃபெஸ்ட் இல்லாத தளத்தையும் நிறுவலாம். பெயரை நீங்களே வைக்க வேண்டியிருக்கும். ஐகான் சில சமயம் மங்கலாக, முகவரிப் பட்டைக்கான குட்டிப் படத்தைப் பெரிதாக இழுத்த மாதிரி இருக்கும். கண்ணை உறுத்தும், மற்றபடி வேலை நடக்கும்.

எல்லை என்றேனே, அது தினசரி உபயோகத்தில் அடிக்கடி தட்டுப்படும். குரோம் ஆப்பில் ஒரு இணைப்பு அந்தத் தளத்தின் எல்லையைத் தாண்டினால், அது வழக்கமான பிரவுசர் டேப்பில் திறக்கும். அல்லது அதே விண்டோவில் மேலே ஒரு மெல்லிய பட்டையில் புதிய முகவரியைக் காட்டிக்கொண்டு திறக்கும். லாகின் பக்கம் வேறு டொமைனில் இருக்கும் சேவைகளில் இந்தப் பட்டை வருவது சகஜம். சஃபாரியில் வெளி இணைப்புகள் பிரவுசருக்குப் போய்விடும். படிக்க நிறைய வெளி இணைப்பு தரும் தளங்களை, செய்தித் திரட்டிகளைப் போல, ஆப்பாக வைப்பது இதனாலேயே எரிச்சல். ஒவ்வொரு சொடுக்குக்கும் விண்டோ மாறும். உள்ளேயே இருந்து வேலை செய்யும் தளங்களுக்குத்தான் இது பொருந்தும். மின்னஞ்சல், காலண்டர், சாட், குறிப்பேடு, பாட்டு, வரைபலகை, பணிப்பட்டியல். வாரம் ஒருமுறை எட்டிப்பார்க்கும் தளத்துக்கு புக்மார்க்கே மேல். ஐகான்களைச் சேர்த்துக்கொண்டே போனால் டேப் கூட்டம் டாஸ்க்பாருக்கு இடம் மாறியதுதான் மிச்சம்.

நோட்டிபிகேஷனைப் பற்றி ஒரு எதிர்பார்ப்பைத் திருத்திவிட வேண்டும். ஆப்பாக நிறுவியதால் மட்டும் மூடிய நிலையிலும் அறிவிப்பு வரும் என்று இல்லை. குரோமில் அறிவிப்பு வர பிரவுசர் பின்னணியிலாவது ஓடிக்கொண்டிருக்க வேண்டும். விண்டோஸிலும் லினக்ஸிலும் அதன் செட்டிங்கில், 'சிஸ்டம்' பகுதியில், குரோமை மூடிய பிறகும் பின்னணி ஆப்களை ஓடவிடும் பொத்தான் ஒன்று இருக்கிறது. அதோடு, கம்ப்யூட்டரில் லாகின் ஆனதும் தானாகத் தொடங்கும்படி ஆப்பை அமைக்கலாம். குரோமின் ஆப்ஸ் பக்கத்தில் (முகவரிப் பட்டையில் chrome://apps) ஐகானை வலது சொடுக்கு செய்தால் அந்த விருப்பம் தெரியும்; எட்ஜ் நிறுவிய கையோடு தானே கேட்கும். சாட் ஆப் ஒன்றுக்கு மட்டும் அதைப் போடுங்கள். எல்லாவற்றுக்கும் போட்டால் காலையில் கம்ப்யூட்டர் எழுந்திருக்க நேரமாகும்.

நெட் இல்லாதபோது வேலை செய்யுமா என்பது முழுக்கத் தளத்தின் கையில். 'சர்வீஸ் வொர்க்கர்' என்ற பின்னணி நிரலை வைத்துப் பக்கங்களை முன்பே சேமித்துவைக்கும் தளம் என்றால் திறக்கும். இல்லையென்றால் தனி விண்டோவிலும் 'இணைப்பு இல்லை' என்ற அதே பக்கம்தான்.

முகவரிப் பட்டை இல்லாததைப் பற்றி. அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் நீங்கள் எந்தத் தளத்தில் இருக்கிறீர்கள் என்று சொல்லும் ஒரே நம்பகமான அடையாளமும் அதுதான். மோசடிக்காரர்களும் இதைக் கண்டுகொண்டுவிட்டார்கள். 2024-ல் செக் குடியரசின் வங்கி வாடிக்கையாளர்களை இப்படிப் போலி வெப் ஆப்களை போனில் நிறுவவைத்து ஏமாற்றியதை ஈசெட் என்ற பாதுகாப்பு நிறுவனம் வெளிக்கொண்டுவந்தது. டெஸ்க்டாப்பிலும் அதே தந்திரம் செல்லும். போலியான முகவரிப் பட்டையைப் பக்கத்துக்குள்ளேயே படமாக வரைந்துகூடக் காட்டலாம். ஃபயர்ஃபாக்ஸ் மேல்பட்டையை விட்டுவைத்தது பிடித்திருக்கிறது என்று சொன்னது இதற்காகத்தான். உங்களுக்கு வேண்டிய தளத்தை நீங்களே முகவரி அடித்துத் திறந்து, நீங்களே மெனுவில் போய் நிறுவுங்கள். ஒரு பக்கம் தானாக வந்து 'என்னை நிறுவு' என்றால் அப்போது முகவரியைப் படித்துப் பாருங்கள், நிறுவிய பிறகு படிக்க அது இருக்காது. குரோம் ஆப்பில் சந்தேகம் வந்தால் மேலேயுள்ள மூன்று புள்ளியைச் சொடுக்கினால் தளத்தின் பெயர் தெரியும்; முகவரியைப் பிரதி எடுக்கவும் பக்கத்தைக் குரோமில் திறக்கவும் விருப்பங்கள் அங்கேயே உண்டு. யாருக்காவது இணைப்பை அனுப்ப வேண்டியிருக்கும்போதும் இதுதான் வழி.

கிளை விஷயம் ஒன்று: இது புது யோசனை இல்லை. 2008 செப்டம்பரில் வந்த குரோமின் முதல் பதிப்பிலேயே தளத்தை ஷார்ட்கட்டாக்கித் தனி விண்டோவில் திறக்கும் வசதி இருந்தது. அதற்கும் ஒரு வருடம் முன்பு ஸ்டீவ் ஜாப்ஸ் ஐபோனுக்கு ஆப் எழுத விரும்பியவர்களிடம் வெப் ஆப் எழுதுங்கள் என்றுதான் சொன்னார். மறு வருடமே ஆப் ஸ்டோர் வந்து அந்தப் பேச்சை அமுக்கிவிட்டது. சஃபாரி மேக்கில் இதற்கு 2023 வரை காத்திருந்தது என்பதை இதோடு சேர்த்துப் பார்த்துச் சிரித்துக்கொள்ளலாம்.

நீக்குவது சுலபம், ஒரே ஒரு கண்ணியைத் தவிர. குரோம் ஆப்பின் மூன்று புள்ளி மெனுவில் அன்இன்ஸ்டால் இருக்கும். விண்டோஸில் மற்ற மென்பொருள் போல செட்டிங்கிலிருந்தும் நீக்கலாம். அப்போது அந்தத் தளத்தின் தரவையும் சேர்த்து அழிக்கவா என்று ஒரு டிக் பெட்டி கேட்கும். மேலே சொன்னபடி சேமிப்பு பொது என்பதால், அதை டிக் செய்தால் பிரவுசரிலும் அந்தத் தளத்திலிருந்து வெளியேறிவிடுவீர்கள். தளம் கம்ப்யூட்டரில் மட்டும் சேமித்துவைத்திருந்த வரைவுகள் இருந்தால் அவையும் போகும். ஐகான் மட்டும் வேண்டாமென்றால் பெட்டியைத் தொடாதீர்கள். சஃபாரி ஆப் என்றால் உங்கள் ஹோம் ஃபோல்டருக்குள் இருக்கும் அப்ளிகேஷன்ஸ் ஃபோல்டரிலிருந்து குப்பைத்தொட்டிக்கு இழுத்துவிட்டால் போதும். அலுவலகக் கம்ப்யூட்டரில் நீக்க முடியாத ஆப் ஏதாவது இருந்தால், அது நிர்வாகி கொள்கை வழியே நிறுவியதாக இருக்கும். அவரிடம்தான் கேட்க வேண்டும்.

புதுக் கம்ப்யூட்டருக்கு மாறும்போது, குரோமில் ஒத்திசைவு (சிங்க்) போட்டிருந்தால் ஆப் பட்டியல் தானாக வந்துவிடும். ஆனால் ஆப்ஸ் பக்கத்தில் ஐகான்கள் மங்கலாக நிற்கும். ஒவ்வொன்றையும் வலது சொடுக்கு செய்து அந்த இயந்திரத்தில் நிறுவச் சொன்னால்தான் டாஸ்க்பாரிலும் மெனுவிலும் வரும்.